கம்பளி இருட்டு

1978 மார்ச் 6, திங்கள்

கிளாக்கர் அமிர்தநாதன் முடியாது என்று சொல்லிவிட்டார்.

தோட்டத்துப் பெரியாபீசுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. ஜன்னல் கிடையாது. உடைந்த தராசும் கிழிந்த சாக்குகளும்தான் உள்ளே கிடக்கின்றன. அதைக் கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். பிலிமை டப்பாவிலிருந்து எடுத்து வெட்டிச் சுற்றுவதற்கும், எடுத்து முடித்த பிலிமைக் கழுவுகிற டாங்கில் ஏற்றுவதற்கும் கும்மிருட்டு வேண்டும், ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் எல்லாம் கறுத்துப்போகும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார். மருந்துத் தண்ணீர் கொட்டித் தோட்டத்துச் சொத்து பாழாகிவிடுமாம். இருட்டுதானே வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு செய் என்று சொல்லிவிட்டுச் சின்னக் கிளாக்கரைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கேட்டது என் சொந்தச் சௌகரியத்துக்கா? இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் எல்லாம் மாத முடிவுக்குள் பாஸ்போர்ட் படம் கொடுத்தாக வேண்டும் என்று, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் எல்லாரையும் நிற்க வைத்துச் சத்தம் போட்டவர் இதே மனுஷன்தான். எங்கே போய் எடுப்பார்கள்? டவுனில் இருந்தது ஒரே ஒரு படக்கடை. எங்கள் கடை. போன ஆவணிக் கலவரத்தில் அது எரிந்தது. அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோயிருந்ததால் ஒரு கேமராவும், கழுவுவதற்கு வீட்டில் வைத்திருந்த டாங்கும் தப்பின. மற்றதெல்லாம் சாம்பல்.

என் வீட்டுக்காரர் இப்போது கண்டியில் யாரோ ஒருவர் ஸ்டூடியோவில் கைவேலை செய்கிறார். நான் அவர் தங்கச்சி அங்கம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில், இந்த வெள்ளோடைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவின் லயத்து வரிசையில் இருக்கிறேன். கடையில் முன்னால் நின்று சிரிக்கச் சொல்வது அவர் வேலை. பின்னால் இருட்டறை என்னுடையது. அதில் அவரைக்கூடக் கேட்காமல் நுழைய விட்டதில்லை. இன்றைக்கு ஒரு சாக்கு அறைக்குக் கைகட்டி நின்றிருக்கிறேன்.

மார்ச் 7, செவ்வாய்

ராத்திரி செய்யலாமே என்கிறார்கள். லயத்தில் ராத்திரிதான் வெளிச்சம். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. இங்கே விளக்கை அணைத்தால் பக்கத்து வீட்டுக் குப்பிலாம்பு மேலே ஏறி எட்டிப் பார்க்கிறது. அவர்களை அணைக்கச் சொன்னால் அதற்கடுத்த வீடு. மொத்த லயத்தையும் எனக்காகச் சோறு தின்னாமல் இருக்கச் சொல்ல முடியுமா? பகலில் எல்லாரும் கொழுந்துக்குப் போன பிறகு கதவைச் சாத்தினால் தகரத்தில் எத்தனை ஆணி ஓட்டை இருக்கிறது என்று தெரிகிறது. மனுஷர் குடியிருக்கும் இடத்தில் வெளிச்சம் ஒழுகுவதுபோல்தான் மழையும் ஒழுகும். அதைப் பற்றி எந்தக் கிளாக்கருக்கும் கவலை இல்லை.

என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே அங்கம்மா பெட்டியைத் திறந்து ஒரு கம்பளியை எடுத்துப் போட்டாள். கல்யாணத்தில் கொடுத்ததாம். மழையில் கொழுந்து எடுக்கும்போது தலையில் போட்டுக்கொள்ளப் பழைய கம்பளி போதும் என்றாள். அந்தப் பழையது சல்லடை. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மார்ச் 8, புதன்

கம்பளியை இரண்டாக மடித்துப் பையாகத் தைத்தேன். உள்ளே பழைய குடைத்துணி, இல்லாவிட்டால் கம்பளி மயிர் பிலிமில் ஒட்டும். கை நுழைய இரண்டு ஓட்டை, முழங்கையைக் கவ்விப்பிடிக்க எலாஸ்டிக். வாய்ப்பக்கம் இரட்டை மடிப்பு, அதன்மேல் கயிறு. பிலிம் டப்பா, கத்தரிக்கோல், சுற்றுகிற கட்டை, நீளம் அளக்க ஒரு நூல், எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிவிட்டுக் கையை நுழைத்தேன்.

கையும் மனசும் வேறு வேறு இடத்தில் இருப்பதுபோல் இருந்தது. எதிரில் அடுப்பு, பானை, ஓரமாகத் தூங்குகிற பூனை எல்லாம் தெரிகிறது. கையில் இருப்பது மட்டும் தெரியவில்லை. கம்பளிச் சூட்டில் விரல் வேர்த்தால் பிலிம் விரலோடு ஒட்டிக்கொள்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் மடங்கி, அந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு விழும். பிலிம் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம்தான் படம் விழும் பக்கம். அதைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்தே வேலை செய்ய வேண்டும். கத்தரிக்கோல் ஒரு தடவை பெருவிரலைப் பதம் பார்த்தது.

கடைசியில் ஒரு துண்டை உள்ளேயே விட்டுப் பையைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தேன். பிறகு கழுவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம்கூட நுழையவில்லை. அமிர்தநாதனின் சாக்கு அறை எனக்குத் தேவையில்லை.

மார்ச் 9, வியாழன்

லயத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுப் படம் எடுத்தேன். எல்லாரும் குளித்து எண்ணெய் வைத்து வந்தார்கள். சிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பாஸ்போர்ட் படத்தில் சிரிக்கக் கூடாது என்றேன். அது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை என்றார்.

அங்கம்மாவின் புருஷன் வீரமலை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தான். அவன்தான் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவன். அண்ணன் தம்பி எல்லாரும் எழுதினார்களாம், இவனும் எழுதினானாம். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் எழுதிய பக்கம் அவளும் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் கடை வைத்திருந்ததால் எப்படியோ இலங்கைக்காரர் என்று பதிவாகிவிட்டார், நானும் அவரோடு ஒட்டிக்கொண்டேன். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு. இப்படி ஆட்களைப் பங்கு போட்டுக்கொள்ள இரண்டு நாட்டுக்கும் நடுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த லயத்தில் ஒரு நாள் தூங்கியிருக்கிறார்களா?

அங்கம்மா பொத்தான் அமுங்கும் நேரத்தில் சரியாகக் கண்ணை மூடினாள். மறுபடி எடுத்தேன். மறுபடி மூடினாள். இன்னொன்று. அதுவும் வீண். பிலிம் என்ன மரத்திலா காய்க்கிறது? காற்று அடிக்கிறது என்று சொன்னாள். காற்றே இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்தார். கழுவிக் காயவைத்த நெகட்டிவ்களை வெயிலில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கம்பளிப் பைக்குள் ஏற்றியதா என்று இரண்டு தடவை கேட்டார். கண்டியில் இருட்டறை வைத்துக்கொண்டே கீறல் விழ வைக்கிறார்களாம். தங்கச்சி படத்தை மட்டும் சீக்கிரமாகக் கட்டின் அடியில் வைத்துவிட்டார். அச்சடிக்க எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 15, புதன்

மழை. விறகு நனைந்துவிட்டது. அங்கம்மா தொப்பலாக வந்தாள், அந்தச் சல்லடைக் கம்பளியோடு. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

மார்ச் 20, திங்கள்

நேற்று அச்சடித்த படங்கள் வந்தன. எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. கட்டாகக் கட்டி ஆபீசில் கொடுத்தேன். அமிர்தநாதன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, அங்கம்மாவின் படத்தை மட்டும் திருப்பி என்னிடம் தள்ளினார். செத்தவளுக்கா பாஸ்போர்ட் என்று கேட்டார். நான் அங்கம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 21, செவ்வாய்

மிச்சக் குடும்பங்களை எடுத்தேன். பக்கத்து லயத்துக் காத்தாயியும் மடியில் பெண் குழந்தையோடு உட்கார்ந்தாள். அங்கம்மா மறுபடி கண்ணை மூடினாள். இந்தத் தடவை நான் அவள் முகத்தைப் பார்த்தே கத்தினேன். அவள் முக்காலியிலிருந்து எழுந்து அரிசி களையப் போய்விட்டாள்.

மார்ச் 22, புதன்

எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கோபத்தில்.

இன்றைக்குக் காலையில் பிரட்டில் பேர் கூப்பிட்டபோது திங்கட்கிழமை படம் கொடுத்த ஒருவர் பேரையும் கூப்பிடவில்லை. பேரை வெட்டிவிட்டார்கள். வீரமலைக்கும் வேலை இல்லை. மகளோடு நின்ற வயசான செல்லாயிக்கும் இல்லை. கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே திரும்பினார்கள். பாஸ்போர்ட் எப்போது வரும்? தெரியாது. கப்பல் எப்போது? தெரியாது. மேற்கணக்கில் போன வருஷம் படம் கொடுத்தவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்களாம், வேலை இல்லாமல், அடுத்தவர் வீட்டுச் சோற்றில்.

நேரே ஆபீசுக்குப் போனேன். போகிற தேதி வரைக்கும் வேலை கொடுத்தால் தோட்டத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன்.

"போறவங்களுக்கு எதுக்கும்மா வேலை? படம் குடுத்தாச்சுன்னா அவங்க இந்தியாக்காரங்க" என்றார்.

நான் எடுத்த படம். என் கையால் கொண்டுபோய், கட்டாகக் கட்டிக் கொடுத்தேன். அது கோடாலி என்று எனக்கு யாராவது சொன்னார்களா?

மார்ச் 23, வியாழன்

சொல்லவில்லைதான். ஆனால் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. அடுப்பங்கரையில் அங்கம்மா தானாகவே வாயைத் திறந்தாள்.

"மேக்கணக்குல இப்பிடித்தான் பேர வெட்டுனாங்க மதினி. எனக்குத் தெரியும். கண்ண மூடுனா படத்த எடுத்துக்க மாட்டாங்க. ரெண்டு பேருல ஒருத்தர் பேராவது கெடக்கட்டும்னுதான்."

அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கடை எரிந்ததிலிருந்து நான் ஒரு வேலையும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேனாம். இந்தப் படவேலை வந்த பிறகுதான் அதட்டி உருட்டிப் பேசுகிறேனாம். அதைக் கெடுக்க மனசு வரவில்லையாம்.

இது என்ன நியாயம்? என்னைப் பார்த்து யாராவது பாவப்பட வேண்டும் என்று நான் கேட்டேனா? இன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

மார்ச் 24, வெள்ளி

செவ்வாய்க்கிழமை எடுத்த பிலிமை டாங்கில் ஏற்றும்போது கம்பளி விலகிவிட்டது. சுருள் முழுக்க வெளிச்சம் பட்டுக் கறுத்துவிட்டது. இருட்டறை கொடுக்காமல் வேலை வாங்கினால் இப்படித்தான் ஆகும். ஆபீசுக்குச் சொல்லியனுப்பினேன்.

கீரை கடைந்தேன். உப்பு கூடிவிட்டது.

மார்ச் 27, திங்கள்

அமிர்தநாதன் லயத்துக்கே வந்துவிட்டார், கையில் சாவியோடு. சாக்குகளை வெளியே எடுத்து, அறையைக் கூட்டி, கதவு இடுக்கில் கறுப்புக் காகிதம்கூட ஒட்டியாகிவிட்டதாம். இனிமேல் கம்பளி விலகியது, பூனை தள்ளியது என்று சாக்குச் சொல்ல முடியாது என்றார். மாத முடிவு என்பதைச் சித்திரை வரைக்கும் தள்ளிக் கேட்டிருக்கிறாராம், பெரிய தயவு.

மூன்று வாரத்துக்கு முன்னால் கைகட்டிக் கேட்டபோது பாழாகிப் போகிற சொத்து, இன்றைக்கு எப்படிப் பாழாகாமல் போயிற்று? ஆட்களைச் சீக்கிரம் காலி பண்ண வேண்டும் என்றால் அறை திறக்கிறது. சாவியை வாங்கி அரிசிப் பெட்டிமேல் போட்டேன்.

மார்ச் 28, செவ்வாய்

காத்தாயி வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெண் எதற்காக இவ்வளவு அவசரப்படுகிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் புருஷன் தன் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட்டில் போன வருஷமே போய்விட்டான். இவளுடைய கல்யாணம் பதிவாகாததால் இவள் பேர் அதில் இல்லை. அப்போது வயிற்றில் குழந்தை. எழுதிப் போட்டு எழுதிப் போட்டு இப்போதுதான் இவள் முறை வந்திருக்கிறது.

"படம் கெட்டுப்போச்சாமே அக்கா" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"பரவாயில்ல, இன்னொரு தரம் ஒக்காந்துக்கிறேன். பேர வெட்டுனா வெட்டிக்கட்டும். இவ அப்பனுக்கு இவ மொகம் தெரியாது அக்கா. அந்தப் படம் வந்தா ஒண்ண அங்க அனுப்பலாமேன்னு இருந்தேன்."

அவள் போன பிறகு, பீலியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த அங்கம்மா குடத்தை இறக்காமலே நின்றாள்.

"நீங்கதான் தொறந்தீங்க. அன்னைக்கு நான் பாத்தேன். பையோட வாயப் பிரிச்சு வாசல்ல வெயில்ல வச்சுட்டு, பக்கத்துல ஒக்காந்திருந்தீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாருக்காகச் செய்தேன்? இன்னும் ஒரு லயம் பட்டினி கிடக்க வேண்டாம் என்றுதானே? அதைச் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"எம் புருஷன் என்னையக் கேக்காம எழுதிக் குடுத்தாருன்னு கத்துனீங்க மதினி. நீங்க காத்தாயியக் கேட்டீங்களா?"

வாய் நீண்டுவிட்டது அவளுக்கு. சின்னவள் என்ற நினைப்பே இல்லை. வெங்காயம் கண்ணில் பட்டு எரிந்துகொண்டே இருந்தது.

மார்ச் 29, புதன்

காத்தாயி வேலைக்குப் போகும் முன்னால் அவள் வீட்டுக்கே போய்ப் படம் எடுத்தேன். குழந்தையைத் தனியாகவும் ஒன்று. அதை ஆபீஸ் கேட்கவில்லை.

பிலிமை ஏற்ற அந்த அறைக்குப் போனேன். நல்ல இருட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். விரல் வேர்க்கவில்லை, மேசைகூட இருந்தது. ஆனால் கதவுக்கு வெளியே அமிர்தநாதனின் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. முடிந்ததா என்று இரண்டு தடவை கேட்டார். வெளியே வந்ததும் கையை நீட்டினார். அறை ஆபீசுடையது, அதனால் கழுவிய நெகட்டிவ்கள் ஆபீஸ் அலமாரியில்தான் இருக்க வேண்டுமாம். அவை இருந்தால் இனி எத்தனை படம் வேண்டுமானாலும் யாரையும் கேட்காமல் அவரே அச்சடித்துக்கொள்ளலாம் அல்லவா?

டாங்கை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னும் மருந்துத் தண்ணீர் உள்ளே இருக்கிறது, கொட்டினால் உங்கள் வேட்டி போய்விடும் என்றேன். வழி விட்டார். சாவியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1, சனி

எல்லாரையும் திரும்ப எடுத்து முடித்தேன். கம்பளிப் பைதான். எடுக்கும் முன்னால் ஒவ்வொரு வீட்டிலும், புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருக்கும்போது சொன்னேன்: படத்தை உங்கள் கையில்தான் தருவேன், ஆபீசில் எப்போது கொடுப்பது என்பது உங்கள் பாடு, கொடுத்த அன்றைக்கே பேர் வெட்டுவார்கள். சில வீடுகளில் அப்போதுதான் முதல் தடவையாக இதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் சண்டையே வந்தது. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அங்கம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். நேராகப் பார்த்தாள். ஒரே படத்தில் முடிந்தது. இதை முதலிலேயே செய்திருந்தால் எவ்வளவு பிலிம் மிச்சமாகியிருக்கும்.

ஏப்ரல் 9, ஞாயிறு

வீட்டுக்காரர் படங்களைக் கொண்டுவந்தார். ஆபீசுக்குக் கொடுக்காமல் ஆட்களிடம் கொடுக்கப் போகிறேன் என்றதும் அவர் முகம் கறுத்தது. இருக்க ஒரு காம்பரா இருக்கிறது, அதையும் கெடுத்துக்கொள்ளாதே, எடுத்தோமா கொடுத்தோமா என்று இரு என்றார். எரிகிற கடையைத் தெருவில் நின்று பார்த்த மனுஷன், அவருக்குப் பயம் இருக்காதா? ஆனால் வீரமலை பின்னால் குந்தியிருந்தான், பேர் வெட்டின பிறகு அவன் வீட்டைவிட்டு வெளியே தலை காட்டுவதில்லை. அவனைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். சாயங்காலம் அவரும் என்னோடு வந்து வீடு வீடாகப் படத்தைக் கொடுத்தார்.

அங்கம்மா தன் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். வீரமலை கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"இது எம் பெட்டியில கெடக்கட்டும். எப்பக் குடுக்கிறதுன்னு நான் சொல்லுறேன்."

அவன் கையை மடக்கிக்கொண்டான்.

ஏப்ரல் 10, திங்கள்

எதிர்பார்த்தது நடந்தது. ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். காத்தாயி ஒருத்திதான் படம் கொடுத்திருக்கிறாள், மற்றவை எங்கே என்று அமிர்தநாதன் மேசையைத் தட்டினார். படம் ஆபீசுக்குச் சேர வேண்டியது என்றார்.

"மொகம் அவங்களோடது. படமும் அவங்களோடதுதான்" என்றேன். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் வந்தது. ஆனால் சொல்லிவிட்டேன்.

வெளியாட்கள் லயத்தில் தங்கக் கூடாது என்று ஒரு சட்டம் திடீரென்று ஞாபகம் வந்திருக்கிறது அவருக்கு. இந்த வாரத்துக்குள் நான் போக வேண்டும். போகாவிட்டால் வீரமலையின் காம்பராவையே பூட்டுவார்களாம்.

ஏப்ரல் 11, செவ்வாய்

காலையில் காத்தாயியின் பேரைக் கூப்பிடவில்லை. அவள் எதிர்பார்த்ததுதான், குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அப்போது அங்கம்மா கூடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்றவள் உட்கார்ந்தாள், அதற்கடுத்தவள் உட்கார்ந்தாள். கங்காணி கத்திப் பார்த்தார். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டு நிற்கிறது, எடுக்க ஆள் இல்லை.

எனக்கு இதைச் சொன்னது சங்கத்துத் தலைவர் ஆண்டியப்பன். படம் கொடுத்தால் பேர் வெட்டலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்று அவர் இப்போது சொல்கிறார். போன வருஷம் மேற்கணக்கில் வெட்டினபோது இவர் எங்கே போயிருந்தார் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன். அங்கம்மா வாங்கும்போது, தேங்காய் போடவில்லையா என்று கேட்டாள். இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா?

ஏப்ரல் 13, வியாழன்

முடிந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரை பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். வருஷப் பிறப்புக்கு முன்னால் மலை சும்மா கிடந்தால் மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பயணத் தேதி கையில் வருகிற வரைக்கும் யார் பேரையும் வெட்டுவதில்லை என்று ஆண்டியப்பனிடம் ஒத்துக்கொண்டார். வெட்டின பேர்களை நாளை மறுநாளிலிருந்து திரும்பக் கூப்பிடுவார்கள். மேற்கணக்கில் போன வருஷம் வெட்டினவர்களைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதற்கு இன்னொரு தடவை உட்கார வேண்டும் என்கிறாள் அங்கம்மா.

என் விஷயத்தில் மாற்றம் இல்லை. வெளியாள் வெளியாள்தானாம். அங்கம்மா அதற்கும் சேர்த்து உட்காரலாம் என்றாள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்து கூட்டிப்போனார். கண்டியில் ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு பத்தாயம் மாதிரி அறை. ஜன்னல் இல்லை. சமையல், படுக்கை, பிலிம் வேலை எல்லாம் அதற்குள்தான்.

கம்பளிப் பையைப் பிரித்து, எலாஸ்டிக்கையும் குடைத்துணியையும் எடுத்துவிட்டு, கம்பளியை அங்கம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். கைக்கு வெட்டின ஓட்டைகளை என்னால் முடிந்தவரை தைத்திருந்தேன். அவள் ஓட்டையைப் பார்த்துவிட்டு, மழைக்கு இது போதும் என்றாள். பஸ் வரும் வரைக்கும் இருவரும் எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தோம். முக்கியமாக ஒன்றுமில்லை.

ஜூன் 14, புதன்

காத்தாயிக்குப் பயணம். தகவல் தெரிந்து ஸ்டேஷனுக்குப் போனேன். வெள்ளோடையிலிருந்து பாதி லயம் வந்திருந்தது. அங்கம்மாவும் வீரமலையும் வந்திருந்தார்கள். அவள் படம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறதாம். தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று வீரமலை அவனாகவே சொல்கிறானாம்.

கப்பல் துறைக்குப் போகிற கோச்சி வந்து நின்றதும் ஒரே அழுகை. எந்த அழுகை யாருடையது என்று தெரியவில்லை. ஒரு பெட்டியில் இத்தனை பேரையா ஏற்றுவார்கள்? உட்கார இடம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, குழந்தைகளை ஜன்னல் வழியாகத் தூக்கி உள்ளே கொடுக்கிறார்கள். இவர்கள் நட்ட தேயிலை இதைவிடப் பத்திரமாகக் கப்பல் ஏறுகிறது.

காத்தாயி குழந்தையோடு இறங்கி வந்து, எல்லாரையும் வைத்து ஒரு படம் எடுங்கள் அக்கா என்றாள். போகிறவர்களும் இருக்கிறவர்களும் கலந்து நின்றார்கள். அங்கம்மா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் கேமராவைத் தூக்கும்போது சீருடை போட்ட ஒருவர் விசிலோடு ஓடிவந்தார். ஸ்டேஷனில் படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டுமாம்.

"இவங்கள ஏத்தி அனுப்புறதுக்கு நீங்க யாருகிட்ட அனுமதி கேட்டீங்க?" என்றேன்.

அந்த ஆள் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்தார். அவருடைய தோள் படத்துக்குள் வந்து விழுந்தது. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். தள்ளி நின்றார்.

எடுத்தேன்.